2003: கணிதம் மொழி மாறிய ஆண்டு



2003-இல் முதலாம் ஆண்டுக் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திற்கு மாறின. அசாம் ஜாவா வட்டாரத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளும் அதற்கு விலக்கல்ல. தமிழில் கற்பித்துப் பழகிய ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும் குறுகிய ஆங்கிலப் பயிற்சியும் வழங்கப்பட்டன. பின்னம், வகுத்தல் என்னும் சொற்கள் வகுப்பறையை விட்டகன்றன. செம்பனைக் குலைகளை எண்ணிக் கூலிக் கணக்குப் பார்க்கும் தந்தை, பிள்ளையின் வீட்டுப்பாடத்தின்முன் செய்வதறியாது நின்றார். கணக்கறியாதவர் அல்லர் அவர்!

அம்மாணவர்கள் 2008-இல் யூ.பி.எஸ்.ஆர். எழுதினர். வினாத்தாள் இருமொழியில் வந்தது. ஆனால், தமிழ்க் கலைச்சொல்லை வகுப்பில் கேட்டறியாத பிள்ளைக்குத் தமிழ் வினா எவ்வாறு உதவும்? அத்தேர்வு கணித அறிவை மட்டுமே அளந்தது என நான் ஏற்கமாட்டேன்.

2012 முதல் தாய்மொழிக்குத் திரும்பலாம் என 2009 சூலையில் கல்வியமைச்சர் முகிதீன் யாசின் அறிவித்தார். ஆசிரியர்கள் மறுபடியும் பழைய கலைச்சொற்களைத் தேடினர். 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் வந்தபோது, மொழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு பெற்றோரின் ஒப்புதலையும் நாடி வந்தது.