பாட்டுப் புத்தகம்: வடிவமைப்பும் வாசகரும்

பாட்டுப் புத்தகம் என்பது திரைப்படப் பாடல்களின் வரிகளை அச்சிட்டுத் திரையரங்க வாசலிலும் பேருந்து நிலையத்திலும் மின்சார ரயிலிலும் மலிவு விலையில் விற்ற சிறு வெளியீடு. தமிழில் பேசும்படம் பிறந்த 1930-களில் தொடங்கி ஒலிநாடாக் காலத்தையும் தாண்டி இது புழக்கத்தில் இருந்தது. சந்தா கிடையாது, ஆசிரியர் பெயர் பெரும்பாலும் இருக்காது, இதழ் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் புதுப்படம் வந்தபோதெல்லாம் புதிதாக வெளிவந்து, இசையைத் தேடுகிறவர் கையில் சுடச்சுடக் கொடுத்த அச்சுப் பண்டம் இதுதான். சென்னையின் மேற்குப் புறநகருக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரம் இதன் வாசகர்கள் வாழ்ந்த இடம். பழைய பாட்டுப் புத்தகங்களைக் காத்த நூலகம் ஒன்று அம்பத்தூரை அடுத்த முகப்பேரில்தான் தொடங்கியது.

முன்னோடிகள்

சினிமாவுக்கு முன்பே பாட்டு விற்பனைச் சரக்காகிவிட்டது. சென்னைக் குஜிலி பஜாரில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற மெல்லிய நூல்கள் கொலை, வெள்ளம், ரயில் விபத்து, விலைவாசி என்று ஊர் பேசிய எல்லாவற்றையும் பாட்டாக்கின. ஆ. இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் இவற்றை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நாடகக் கம்பெனிகளின் பாடல்களும் இவ்வாறே அச்சாயின. 1931 அக்டோபர் 31 அன்று ‘காளிதாஸ்’ வெளியாகித் தமிழில் பேசும்படக் காலம் தொடங்கியபோது, பாட்டை அச்சில் வாங்கும் பழக்கம் மக்களிடம் ஏற்கெனவே ஊறியிருந்தது. படத் தயாரிப்பாளர்கள் அதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

வடிவமைப்பு

தொடக்கக்காலப் பாட்டுப் புத்தகம் ஒரு படத்துக்கு மட்டும் உரியது. சில தாள்களை மடித்து நடுவில் கம்பி குத்திய கட்டு. அட்டையில் நாயகன் நாயகியின் படம், படக் கம்பெனியின் பெயர், அணாவில் விலை. உள்ளே நடிகர் பட்டியல், தொழில்நுட்பக் கலைஞர்கள், அடுத்துக் கதைச் சுருக்கம். கதை சிக்கலின் உச்சத்துக்கு வந்ததும் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காணும்படி ஒரு வரி அழைக்கும். பிறகு பாடல்கள். கர்நாடக இசை மெட்டுகளே ஆட்சி செய்த காலமாதலால் பாட்டின் தலைப்பில் ராகமும் தாளமும் இருக்கும். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற பகுப்பும் இருக்கும். பின்னட்டையில் விளம்பரமோ, அடுத்த படத்தின் அறிவிப்போ.

ஐம்பதுகளுக்குப் பிறகு ராகமும் தாளமும் மெல்ல மறைந்தன. அந்த இடத்துக்குப் படம், பாடியவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் வந்தன. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் ஒரு பாட்டுக்கு முன் சொல்லும் விவரங்களும் இவையே. வானொலியில் பாட்டைக் கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறப்பவருக்கு, காதில் விழுந்த பெயர்கள் கண்ணிலும் படும்.

பாட்டுப் புத்தகத்தின் நுட்பம் முழுதும் உள்பக்கத்தில்தான் இருக்கிறது. பல படங்களின் பாடல்களைச் சேர்த்து வந்த எழுபது, எண்பதுகளின் தொகுப்புப் புத்தகம் ஒன்றை விரித்தால் பழுப்பேறிய செய்தித்தாள் காகிதத்தில் இரண்டு பத்தியாக நெருக்கி அடித்த எழுத்து. டூயட் என்றால் வரியின் தொடக்கத்தில் ‘ஆண்:’, ‘பெண்:’, சேர்ந்து பாடும் இடத்தில் ‘இருவர்:’, கோரஸ் வந்தால் ‘குழு:’. இரண்டு முறை பாடும் வரியின் ஓரத்தில் அடைப்புக்குறிக்குள் 2. ஹம்மிங்கும் விடுபடாது, அது ‘லாலா’, ‘ஆஹா’ என்று எழுத்தாகவே நிற்கும். சரணம் முடிந்ததும் பல்லவியின் முதல் ஓரிரு சொற்களும் சில புள்ளிகளும் மட்டும் இருக்கும். இடமும் மிச்சம், பாடுகிறவருக்கு எங்கே திரும்ப வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சுரம் தெரியாத ஒருவர் பாடுவதற்கு வேண்டிய குறியீடு அவ்வளவும் இதில் உண்டு. ‘மட்டமான அச்சு’ என்று இதைத் தள்ளிவிடுவது அநியாயம். வாய்விட்டுப் பாடுகிறவருக்காக ஒவ்வொரு அங்கமும் யோசித்து அமைக்கப்பட்ட பக்கம் இது. சட்டைப் பையில் மடித்து வைக்கக்கூடிய அளவும், பாடும்போது ஒரு கையில் பிடிக்கக்கூடிய கனமும் அந்தப் பயனிலிருந்து வந்தவையே.

அட்டை வேறு கணக்கில் இயங்கியது. கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கும்போது நடந்துபோகிறவர் கண்ணை இழுக்க வேண்டும். ஆகவே நடிகர்களின் தலைகளை வெட்டி ஒட்டிய பலவண்ணப் படமும் மஞ்சளிலும் சிவப்பிலும் கொட்டை எழுத்துகளும் அதில் நிறைந்திருந்தன. உள்ளே பாட்டுக்கு உரியவர் பாடகரும் இசையமைப்பாளரும், அட்டையில் எம்.ஜி.ஆர்., சிவாஜி, ரஜினி, கமல். இசையமைப்பாளர் ஒருவர் அட்டையில் நட்சத்திரத்துக்குச் சமமாக இடம்பிடித்தது இளையராஜாவின் காலத்தில் நடந்த பெரிய மாற்றம்.

பிழைகளும் பாட்டுப் புத்தகத்தின் இயல்பில் சேர்ந்தவை. தயாரிப்பாளர் வெளியிட்டவற்றில் பாடலாசிரியரின் எழுத்துப்படி அச்சானது. சிறு பதிப்பகங்களோ பல நேரம் ஒலித்தட்டையோ கேசட்டையோ ஓடவிட்டுக் காதால் கேட்டு எழுதின. தவறாகக் கேட்ட சொல் அப்படியே அச்சேறி, ஊர் முழுக்கப் பாடப்பட்டு, மேடையிலும் ஒலித்தது. பாடலாசிரியர்களுக்கு இது உண்மையான அநீதி; உரிமைத்தொகையும் அவர்களைச் சென்று சேரவில்லை.

மேற்குப் புறநகரின் வாசகர்கள்

சுதந்திரத்துக்குப் பின் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ், டன்லப் ஆலைகளும் 1960-களில் தொழிற்பேட்டையும் வந்தன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. ஷிப்ட் முடிந்து வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர், அண்ணனூர், ஆவடி என்று நிற்கும் ரயிலில் ஏறுகிறவருக்கு, பயண நேரம் ஒன்றிரண்டு பாட்டு மனப்பாடம் ஆகப் போதுமானது. பூந்தமல்லிக்குப் புறநகர் ரயில் இல்லை. அங்கே பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடைதான் விற்பனை இடம்.

வாங்கியவர்கள் ஒரே வகையினர் அல்லர். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாட்டுத் தேடும் பிள்ளைகள், கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் பாடும் மெல்லிசைக் குழுவினர், சமையலறையில் வானொலியோடு சேர்ந்து பாடிய பெண்கள் என எல்லாரும் உண்டு. பதிப்பகங்கள் இதை நன்கு அறிந்திருந்தன. புதுப்படப் பாடல்கள், தத்துவப் பாடல்கள், சோகப் பாடல்கள், காதல் டூயட் என்று பிரித்துத் தொகுத்தது சங்கீத விமரிசகரின் வகைப்பாடு அன்று. எந்தச் சமயத்தில் பாடுவது என்ற கணக்கு. ஆடி மாதம் திருவேற்காடு கருமாரியம்மன் கோயிலையும் மாங்காடு காமாட்சியம்மன் கோயிலையும் சுற்றிய கடைகளுக்கு எல்.ஆர். ஈஸ்வரி பாடிய அம்மன் பாடல்கள் உகந்த சரக்கு. கார்த்திகையில் மாலை போட்டவர்களுக்கு ஐயப்பன் பாடல்கள்.

புத்தகம் எட்டாத பாடகர்களும் இதே ரயிலில் இருந்தார்கள். பெட்டி பெட்டியாகப் பாடிவரும் பார்வையற்ற கலைஞர்கள் வரிகளைக் காதாலேயே சேர்த்துவைத்தவர்கள். பூந்தமல்லியில் பார்வையற்றோர் பள்ளியும் பிரெய்லி அச்சகமும் இருக்கின்றன. அச்சுப் பாட்டின் கதை கண்ணுள்ளவர்களின் கதையாகவே எழுதப்பட்டு வருவது சரியல்ல.

இசை இதழ்களோடு ஓர் ஒப்பீடு

1930-களில் ஆனந்த விகடனில் கல்கி ‘கர்நாடகம்’ என்ற பெயரில் எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதியும், வித்வான்களை மாலி தீட்டிய கேலிச்சித்திரங்களும் கச்சேரி கேட்கும் வாசகருக்கு உரியவை. என். பட்டாபிராமன் சென்னையில் 1983-இல் தொடங்கிய ஆங்கில மாத இதழ் ‘ஸ்ருதி’ கலைஞரின் வாழ்க்கையையும் கலையின் சர்ச்சைகளையும் பேசியது. இரண்டும் இசையைப் பற்றிப் பேசின. பாட்டுப் புத்தகம் பாட்டையே வாசகர் வாயில் வைத்தது. இதற்கு நெருங்கிய உறவு இங்கிலாந்தில் 1978-இல் தொடங்கிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’. அதுவும் வெற்றிப் பாடல்களின் வரிகளை அச்சிட்டே இளைஞர்களைப் பிடித்து, 2006 வரை நடந்தது. ஆனால் அது வழவழப்பான காகிதத்தில் நட்சத்திரப் பேட்டிகளோடு வந்த இதழ்.

சேகரிப்பும் காலக் கணிப்பும்

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா, மற்றவர்கள் பழைய பேப்பருக்குப் போட்டதையெல்லாம் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கித் தமிழ்நாட்டிலேயே இருக்கச் செய்தது. 1994-இல் முகப்பேரில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பின்னர் தரமணிக்கு இடம்பெயர்ந்தது. ‘காளிதாஸ்’ உள்ளிட்ட தொடக்கக்காலப் படங்கள் பலவற்றின் சுருள்கள் அழிந்துவிட்டதால், அவற்றின் கதையையும் பாடல்களையும் அறிய விளம்பரங்களும் பாட்டுப் புத்தகங்களுமே கைகொடுக்கின்றன. தியடோர் பாஸ்கரன் போன்ற சினிமா வரலாற்றாளர்கள் இவற்றைச் சான்றாகக் கொண்டிருக்கிறார்கள்.

தொகுப்புப் புத்தகங்களில் ஆண்டு அச்சிடும் வழக்கம் அரிது. காலத்தை வேறு தடயங்களால் கணிக்கலாம். விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது, ‘ந.பை.’ (நயா பைசா) என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. பதிப்பக முகவரியில் ‘சென்னை-1’ என்பதற்குப் பதிலாக ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் வந்தால் 1972-க்குப் பிந்தையது. ணை, லை, னை எழுத்துகள் பழைய துதிக்கை வடிவத்தில் இருந்தால் 1978-இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கலாம். ஆனால் பழைய அச்செழுத்துகளை உடனே மாற்ற வசதியில்லாத சிறு அச்சகங்கள் அதற்குப் பிறகும் அவற்றையே பயன்படுத்தின என்பதால், இதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. தொகுப்பில் உள்ள கடைசிப் படம் வெளியான ஆண்டோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும்.