ஒற்றைத் தடத்திலிருந்து சூழொலிக்கு: தமிழ்த் திரைப்பாடல்களின் மறுவடிவம்

சூழொலி என்பது கேட்பவரின் முன்னிருந்தும் பக்கங்களிலிருந்தும் பின்னிருந்தும் ஒலி வருமாறு அமைக்கும் முறை. 5.1 எனப்படும் அமைப்பில் ஐந்து ஒலிபெருக்கிகளும், தாழ்ந்த அதிர்வுகளுக்கெனத் தனியாக ஒன்றும் இருக்கும். பழைய இசையை இம்முறைக்கு மாற்றும் பணி உலகின் பல இடங்களில் நடப்பது போலச் சென்னையிலும் நடந்துள்ளது. எனினும், மூல ஒலிப்பதிவு எந்த வடிவில் எஞ்சியிருக்கிறது என்பதே அப்பணியின் தரத்தை முடிவு செய்கிறது.

மேலைநாட்டு ராக் இசை

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் வெளியானது. இலண்டன் அபே ரோடு கூடத்தில் 16 தடங்கள் கொண்ட நாடாவில் அது பதிவானது. கிதார், முரசு, குரல் ஆகியவை தனித்தனித் தடங்களில் இருந்ததால், 2003இல் ஜேம்ஸ் கத்ரி அவற்றை 5.1 முறையில் புதிதாகக் கலக்க முடிந்தது. அந்த வடிவம் சூப்பர் ஆடியோ சிடியில் வெளிவந்தது. சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் 1999இல் அறிமுகப்படுத்திய இவ்வட்டு, சாதாரண குறுந்தகட்டை விட நுட்பமான ஒலியைத் தாங்கவல்லது.

சென்னைப் பதிவுகள்

1950, 60களில் கோடம்பாக்கம், வடபழனி வட்டாரக் கூடங்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் இசைப்பார்கள். ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எல்லா ஒலிகளும் அங்கேயே கலந்து ஒரே தடத்தில் பதிவாகிவிடும். மயிலாப்பூர் காமதேனு, கபாலி போன்ற அரங்குகளில் அந்த ஒலி திரைக்குப் பின்னாலிருந்தே வந்தது.

சாம்பார் கொதித்த பிறகு புளியையும் பருப்பையும் தனியே எடுக்க முடியுமா? ஒற்றைத் தடப் பாடலைச் சூழொலியாக்குவதில் உள்ள சிக்கலும் அதுவே.

பின்னர் நிலைமை மாறியது. இளையராஜா இசையமைத்த ‘பிரியா’ (1978), ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படமாகக் குறிப்பிடப்படுகிறது. ‘குருதிப்புனல்’ (1995) டால்பி சூழொலியையும், ‘கருப்பு ரோஜா’ (1996) டிடிஎஸ் முறையையும் தமிழ்த் திரைக்குக் கொண்டுவந்தன.

கர்ணனும் சிவாஜியும்

பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ 1964 பொங்கலுக்கு வெளியானது. இசை விசுவநாதன்–ராமமூர்த்தி. சொக்கலிங்கத்தின் திவ்யா பிலிம்ஸ் இப்படத்தைச் சீரமைத்து, டிடிஎஸ் ஒலியுடன் 2012 மார்ச் 16இல் மீண்டும் வெளியிட்டது. இராயப்பேட்டை சத்யம் வளாகத்தில் புதுப்படம் போலக் கூட்டம் வந்தது. படம் நூறு நாட்களைக் கடந்தது. இதே நிறுவனம் 2014இல் ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) படத்தையும் மறுவெளியீடு செய்தது.

2012 டிசம்பரில், 2007ஆம் ஆண்டுப் படமான ‘சிவாஜி’ முப்பரிமாண வடிவில், டால்பி அட்மாஸ் ஒலியுடன் வந்தது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த இப்படம், இசை பல தடங்களில் பதிவாகும் காலத்தைச் சேர்ந்தது. ‘கர்ணன்’ பாடல்களோ ஒற்றைத் தடக் காலத்தவை.

மூன்று சொற்கள், மூன்று வேலைகள்

மாணவர்கள் மூன்று சொற்களைப் பிரித்தறிய வேண்டும். இருக்கும் கலவையின் இரைச்சலை நீக்கித் தெளிவாக்குவது ரீமாஸ்டர். தனித் தடங்களை மீண்டும் கலப்பது ரீமிக்ஸ். வாத்தியங்களைப் புதிதாக வாசித்துச் சேர்ப்பது மறுபதிவு. மூன்றாவது முறையில் பழைய குரல் மட்டுமே எஞ்சும். அன்று வயலினும் ஷெனாயும் வாசித்தவர்களின் கைவண்ணம் மறைந்துவிடும். இசைத்தட்டு உறைகளில் அவர்களில் பலருடைய பெயர்கூட இராது. அவர்கள் விட்டுச்சென்ற ஒரே தடயம் அந்த ஒலிதான்.

இன்று கணினியே கலந்த ஒலிகளைப் பிரிக்கக் கற்றுக்கொண்டுள்ளது. பீட்டில்ஸ் குழுவின் ‘ரிவால்வர்’ தொகுப்பு 2022இல் இவ்வாறு மறுகலவை செய்யப்பட்டது. 2023இல் வெளியான ‘நவ் அண்ட் தென்’ பாடலுக்காக, பழைய கேசட்டிலிருந்து ஜான் லெனனின் குரல் தனியே பிரித்தெடுக்கப்பட்டது.

தமிழ்ப் பாடல்களுக்கும் இவ்வழி திறந்திருக்கிறது. ஆனால் மூல நாடாவும் நெகட்டிவும் அழியாமல் இருந்தால்தான் அது பயன்படும். புதிய வடிவம் எவ்வளவு இனிமையாக அமைந்தாலும், பழைய ஒற்றைத் தடப் பதிவும் அதன் அருகிலேயே கேட்கக் கிடைக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் மாணவரே அக்காலக் கலைஞர்களின் உழைப்பை அறிந்துகொள்வார்.