ஒண்டனாகன் செம்புப் பாறை

வட அமெரிக்கப் பேரேரிகளுள் பெரியது சுப்பீரியர். அதன் தென்கரையில், இன்றைய மிச்சிகன் மாநிலத்தில், ஒண்டனாகன் என்னும் ஆறு அவ்வேரியிற் கலக்கின்றது. அவ்வாற்றின் மேற்குக் கிளையிலே, செங்குத்தான கரையின் அடியில், நீரோட்டத்தை ஒட்டிப் பல நூற்றாண்டுகளாக ஒரு பாறை கிடந்தது. பார்வைக்குப் பாறைதான், உள்ளீடோ பெரும்பாலும் தூய செம்பு. எடை 3,708 இராத்தல், அதாவது ஏறத்தாழ 1,680 கிலோகிராம். இன்று அது வாஷிங்டன் நகரில், சிமித்சோனியன் நிறுவனத்தின் கனிமத் தொகுப்பில் இருக்கின்றது. ஆற்றங்கரையை விட்டு அங்கே அது போய்ச் சேர்ந்த வரலாறு, நிலத்தினடியிற் கிடப்பது யாருக்குச் சொந்தம் என்னும் வழக்கின் வரலாறுமாகும்.

ஈயச் சுரங்கங்களைக் கண்டு பழகிய மலாயா மக்களுக்கு இப்பாறையின் வியப்பு எளிதில் விளங்கும். கிந்தாப் பள்ளத்தாக்கில் தவலம் கொண்டு அரித்தெடுத்தது ஈய மணலேயன்றி ஈயமன்று. உலையிலிட்டு உருக்கிய பின்னரே அது உலோகமாயிற்று. உலகின் பெரும்பாலான செம்பும் அவ்வாறே வேறு பொருள்களுடன் கூடித் தாதுவாகக் கிடைக்கின்றது. ஆனால் சுப்பீரியர் ஏரிக்கரையில், கீவினா தீபகற்பத்தையொட்டிய நிலப்பகுதியில், உலையின் உதவியின்றியே செம்பு செம்பாகக் கிடைத்தது. ஏறத்தாழ 110 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியது. பின்னர் வெந்நீர்க் கரைசல்கள் அப்பாறைகளின் வெடிப்புகளிலும் குமிழ்த் துளைகளிலும் புகுந்து செம்பைப் படியவைத்தன. நெடுங்காலத்துக்குப் பின் பனியாறுகள் நிலத்தைச் சுரண்டிச் சென்றபோது, பெயர்ந்த செம்புக் கட்டிகளை எங்கெங்கோ இழுத்துச் சென்று போட்டுவிட்டுக் கரைந்தன. ஒண்டனாகன் பாறை அவ்வாறு வந்து கிடந்த ஒன்று. நிறத்தைக் கொண்டு செம்பு என்று பெயரிட்டார்கள் தமிழர். அந்தச் செந்நிறத்தை வெட்டிய இடத்தில் உடனே காணக்கூடிய கல் இது.

அதனை முதலிற் கண்டவர் ஐரோப்பியர் அல்லர். அவ்வட்டாரத்தின் தொல்குடியினர் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கற்சம்மட்டி கொண்டு பாறையை உடைத்துச் செம்பெடுத்து, தட்டி நீட்டி, ஈட்டிமுனையும் கத்தியும் மணியும் செய்தனர். 1848ஆம் ஆண்டில், ஒண்டனாகன் ஆற்றுக்கு அண்மையில், மண் மூடிய பழைய குழியொன்றைத் தோண்டிய சுரங்கக்காரர்கள், ஏறத்தாழ ஆறு டன் எடையுள்ள செம்புக் கட்டி மரக்கட்டைகளின்மேல் உயர்த்தி வைக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். சுற்றிலும் கற்சம்மட்டிகள் கிடந்தன. எடுத்துச் செல்ல முயன்றவர்கள் ஏன் பாதியில் விட்டார்கள் என்பதை அக்குழி சொல்லவில்லை.

பிற்காலத்தில் அந்நிலத்தில் வாழ்ந்த ஒஜிப்வே மக்கள் செம்பை வெறும் பண்டமாகக் கருதினாரில்லை. 1660களில் அங்கே சென்ற பிரெஞ்சுப் பாதிரியார் குளோத் அல்லூவே, அம்மக்கள் செம்புத் துண்டுகளைத் தெய்வங்கள் போலவும், நீருக்கடியில் வாழும் தெய்வங்கள் தந்த பரிசு போலவும் போற்றிப் பாதுகாத்தனர் என்று எழுதிவைத்தார். அதை மூடநம்பிக்கை என்றே அவர் கொண்டார். எனினும் கண்டதை மறைக்காமல் எழுதியது நல்லதாயிற்று. முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் அச்செய்திக்கு மதிப்பு வந்தது.

1766ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் ஹென்றி என்னும் ஆங்கில வணிகர் பாறையைக் கண்டார். கோடரியால் நூறு இராத்தல் துண்டொன்றை வெட்டியெடுத்ததாக அவரே பெருமையுடன் எழுதினார். பின்னர் வந்தவர்களும் ஆளுக்கொரு துண்டு கொண்டு போயினர். 1771இல் ஹென்றி அவ்வாற்றங்கரையில் ஆட்களை அமர்த்திச் சுரங்கம் தோண்டுவித்தார். மறு ஆண்டு இளவேனிலில் பனி உருகியபோது களிமண் சரிந்து வேலை பாழாயிற்று.

1820ஆம் ஆண்டில் மிச்சிகன் ஆட்சிப்பகுதியின் கவர்னர் லூயி காஸ் ஒரு குழுவுடன் புறப்பட்டார். குழுவின் கனிம அறிஞர் ஹென்றி ஸ்கூல்கிராப்ட் பாறையை அடைந்தார். கேள்விப்பட்ட அளவுக்கு அது பெரிதாக இல்லையே என்று ஏமாற்றமும் அடைந்தார். காஸ் நடுவழியிலேயே திரும்பி, காட்டில் வழிதப்பி அலைந்தார். வழிகாட்டியாகச் சென்ற ஒஜிப்வே வேடர் ஒருவர், வெண்புறா என்று பொருள்படும் பெயருடையவர், இதனால் பட்ட பாட்டை அரசு அதிகாரி தாமஸ் மக்கென்னி பதிவு செய்துள்ளார். பாறையின் தெய்வம் சினந்தே வழியை மறைத்தது என்று ஊரார் நம்பினர், அவரை ஒதுக்கினர். வேட்டையும் வாய்க்கவில்லை. 1826இல் மக்கென்னியும் காஸும் அவரை மீண்டும் கண்டபோது வறுமையில் மெலிந்திருந்தார். பரிசுகள் கொடுத்து அவருடைய மதிப்பை மீட்டுத்தர முயன்றனர். காஸுக்குப் பாறை ஒரு பயண நினைவு. வெண்புறாவுக்கு அது வாழ்க்கையைக் குலைத்த பாறை.

அவர்கள் அவ்வாண்டு அங்கே கூடியது ஓர் உடன்படிக்கைக்காகும். அதன் மூன்றாம் பிரிவு கவனித்துப் படிக்கவேண்டியது. ஒஜிப்வே நாட்டின் எப்பகுதியிலும் உலோகங்களையும் கனிமங்களையும் தேடி எடுத்துச் செல்லும் உரிமை அமெரிக்க அரசுக்கு உண்டு. ஆயினும் இது நிலத்தின் உரிமையைப் பாதிக்காது என்று அது கூறுகின்றது. மண் அவர்களுடையது, மண்ணிலுள்ள செம்பு நம்முடையது என்பதே இதன் பொருள். நிலமும் 1842இல் லா பாயிண்ட் உடன்படிக்கையால் கைமாறிற்று.

இந்நிலையிலேதான் டெட்ராய்ட் நகரத்து இரும்புக்கடை வணிகர் ஜூலியஸ் எல்ட்ரெட் கதைக்குள் வருகின்றார். 1841இல் ஒஜிப்வே தலைவர் ஒருவரிடம் பாறைக்கு 150 டாலர் விலை பேசினார். 45 டாலர் ரொக்கம், மிச்சம் சரக்கு. அவ்வாண்டும் மறு ஆண்டும் பாறையைக் கொண்டு செல்ல இயலவில்லை. 1843இல் கப்பியும் சங்கிலியும் தண்டவாளத் துண்டுகளும் கொண்டு திரும்பி வந்தார். வந்து பார்த்தால், போர்த்துறையின் அனுமதிச் சீட்டுடன் வேறு சிலர் பாறையருகே கூடாரமடித்திருந்தனர்! தாம் விலைகொடுத்து வாங்கிய பொருளுக்கு மீண்டும் 1,365 டாலர் கொடுத்தார். ஐம்பது அடி உயரக் கரையில் அதனை ஏற்ற இருபத்தொரு பேருக்கு ஒரு வாரம் பிடித்தது. பின்னர் நாலரை மைல் தூரம் காட்டை வெட்டி, முன்னே தண்டவாளம் போட்டு, பாறை கடந்ததும் பின்னாலிருந்ததைப் பெயர்த்து மீண்டும் முன்னே போட்டு, மேடு பள்ளமெல்லாம் இழுத்தனர். இதற்கு ஈடான உழைப்பைக் கனிமச் சேகரிப்பின் வரலாற்றில் எளிதில் காண முடியாது.

ஏரிக்கரையை அடைந்ததும் பறிமுதல் ஆணை காத்திருந்தது. எனினும் அதிகாரியின் இசைவுடன் பாறையை டெட்ராய்ட் வரை கொண்டு சென்றார். அக்டோபர் மாதம் அங்கே இருபத்தைந்து காசு கட்டணத்தில் மக்கள் அதனைப் பார்க்கத் திரண்டனர். காட்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அரசு கைப்பற்றி வாஷிங்டனுக்கு அனுப்பியது. எல்ட்ரெட்டும் உடன் போய் நியாயம் கேட்டார். 1847இல் அமெரிக்கக் காங்கிரஸ் அவருக்கு 5,664 டாலர் 98 காசு ஈடு வழங்கியது. ஒஜிப்வே மக்களுக்குத் தர ஏதேனும் உண்டா என்று அப்போது எவரும் கேட்கவில்லை. பாறை போர்த்துறையின் முற்றத்தில் பல ஆண்டு கிடந்து, பின்பே சிமித்சோனியன் சேர்ந்தது.

அது புறப்பட்ட நிலத்திலோ சுரங்கங்கள் பெருகின. 1840களிலிருந்து 1960களின் இறுதி வரை ஏறத்தாழ 50 இலட்சம் டன் செம்பு அங்கே எடுக்கப்பட்டது. செம்பும் வெள்ளியும் ஒன்றோடொன்று கலவாமல் ஒட்டி வளர்ந்த துண்டுகள், கிளைவிட்ட படிகங்கள், உள்ளே செம்பு மின்னும் கால்சைட்டுக் கற்கள் ஆகியவை அகப்பட்டன. கணக்கற்றவை உலையில் உருகிக் கட்டிகளாயின. தப்பியவற்றுட் பல, தொழிலாளர் சாப்பாட்டுத் தூக்கில் மறைத்து வெளியே கொண்டு வந்தவை. சுரங்க முதலாளிகள் அதைத் திருட்டு என்றனர். இன்று ஹவ்டன் நகர் சீமன் கனிமக் காட்சிசாலையிலும் பிற இடங்களிலும் அத்தகைய செம்பின் அழகைக் கண்டு வியப்பவர்கள், அந்தத் திருட்டுக்கும் ஓரளவு நன்றி சொல்ல வேண்டும்.

பழங்குடிகளின் புனிதப் பொருள்களைத் திருப்பித்தரும் சட்டம் 1990இல் அமெரிக்காவில் நிறைவேறியது. மறு ஆண்டே, கீவினா விரிகுடா ஒஜிப்வே சமூகத்தினர் ஒண்டனாகன் பாறையைத் தங்களுக்குத் தருமாறு கேட்டனர். பழைய பயணிகளின் குறிப்புகள் மீண்டும் புரட்டப்பட்டன. நீண்ட ஆராய்ச்சிக்குப் பின், சட்டம் வரையறுக்கும் பொருளில் அது புனிதப் பொருளன்று என்று சிமித்சோனியன் முடிவு கூறியது. பாறை வாஷிங்டனிலேயே இருக்கின்றது.