சினைக் குதிரை ஈனும் நாளை அறிவது எப்படி?

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாள்கள். குதிரைக்கு ஏறத்தாழ 340. ஆனால் இந்த 340 ஒரு சராசரி மட்டுமே. 320 முதல் 365 நாள்களுக்குள் எப்போது ஈன்றாலும் அதை இயல்பான பேறு என்றே கால்நடை மருத்துவர்கள் கொள்கிறார்கள். ஒரே குதிரைக்கே ஓர் ஈற்றுக்கும் மற்றொன்றுக்கும் நாள் கணக்கு மாறலாம். குளிர்கால இறுதியில் ஈனும் குதிரைகள், பகல் நீண்ட பருவத்தில் ஈனுபவற்றைவிடப் பொதுவாகச் சில நாள்கள் கூடுதலாகச் சுமக்கின்றன. ஆகவே நாட்காட்டி நமக்குத் தருவது ஒரு நாளை அல்ல, ஆறு வாரங்களை.

நாளை அறிவது ஏன் அவசியம்? குதிரையின் பேறு மிக விரைவானது. பனிக்குடம் உடைந்தபின் 20 முதல் 30 நிமிடங்களில் குட்டி வெளியே வந்துவிட வேண்டும். சிக்கல் என்றால் மருத்துவர் வந்து சேரக்கூட நேரம் போதாது. பெரும்பாலான குதிரைகள் இரவில்தான் ஈனுகின்றன. அருகில் ஆள் நடமாட்டம் இருந்தால் வலி தொடங்குவதைச் சற்றுத் தள்ளிப்போடவும் அவற்றால் முடியும். இரவெல்லாம் கண்விழித்தவர் தேநீர் குடிக்கப் போன இடைவெளியில் குட்டி பிறந்துவிடுவது இதனால்தான்.

உடல் காட்டும் அறிகுறிகள் பொதுவாக இந்த வரிசையில் வரும்:

* 2 முதல் 6 வாரங்களுக்கு முன்: மடி பெருக்கத் தொடங்கும்.
* கடைசி சில வாரங்களில்: வாலடித் தசைகள் தளரும், வயிறு கீழிறங்கும்.
* 4 முதல் 6 நாள்களுக்கு முன்: காம்புகள் நிறையும்.
* 1 முதல் 4 நாள்களுக்கு முன்: காம்பு நுனியில் மெழுகு போன்ற துளிகள் உறையும்.

இவற்றில் எதுவும் உறுதியல்ல. மெழுகே தோன்றாமல் ஈனும் குதிரைகளும் உண்டு.

மடிநீரைச் சோதிப்பது இவற்றைவிட நம்பகமானது. பேறு நெருங்கும்போது அதில் கால்சியம் உயர்கிறது, அமிலத்தன்மையும் கூடுகிறது. கால்சியம் பத்து லட்சத்தில் 200 பங்கைத் தாண்டினாலோ, பிஎச் அளவு 6.4-க்கு இறங்கினாலோ, ஓரிரு நாள்களில் பேறு நிகழ வாய்ப்பு அதிகம். நீரின் கடினத்தன்மையை அளக்கும் காகிதப் பட்டைகளே இதற்குப் போதும். ஆனால் இச்சோதனை "இன்றிரவு ஈனும்" என்பதைவிட, "இன்றிரவு ஈனாது" என்பதைத்தான் உறுதியாகச் சொல்கிறது. காவலிருப்பவருக்கு ஓர் இரவுத் தூக்கம் கிடைப்பதும் பெரிய உதவிதான்.

மருந்து கொடுத்து நாளை நாமே குறித்துவிட முடியாதா? அது ஆபத்து. குட்டியின் நுரையீரல் உள்ளிட்ட உறுப்புகள் முழு முதிர்ச்சி அடைவது கடைசி சில நாள்களில்தான். நாளைக் குட்டியின் முதிர்ச்சி முடிவு செய்கிறது. நேரத்தைத் தாய் தேர்ந்துகொள்கிறது.

காவலிருப்பவர் இரண்டு ஆபத்துகளை அறிந்திருக்க வேண்டும். ஒன்று, ஈனுவதற்கு முன்பே மடியிலிருந்து பால் தொடர்ந்து ஒழுகுவது. தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் கருவிலிருக்கும் குட்டிக்குச் சேர்வதில்லை. சீம்பால் வழியாகத்தான் கிடைக்கின்றன. அது வீணானால் வேறு குதிரையின் சீம்பாலைத் தேட வேண்டும். மற்றொன்று, வெண்ணிறப் பனிக்குடத்துக்குப் பதிலாகச் சிவந்த, வெல்வெட் போன்ற சவ்வு முதலில் தெரிவது. நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்துவிட்டது, குட்டிக்குப் பிராணவாயு குறைகிறது என்று அதற்குப் பொருள். மருத்துவருக்காகக் காத்திராமல் சவ்வை உடனே கிழித்துக் குட்டியை வெளியே எடுக்க வேண்டும்.

பிறந்த குட்டி ஒரு மணி நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பால் குடிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மருத்துவரை அழைக்கத் தயங்கக் கூடாது.