வோல்கா கரையில் இரண்டு பெயர் கொண்ட ஊர்

என் வயதொத்த நண்பர்களிடம் நிஷ்னி நோவ்கோரத் என்று சொன்னால் விழிப்பார்கள். கார்க்கி நகரம் என்றால் "ஓ, அதுவா!" என்பார்கள். இரண்டும் ஒரே ஊர்தான். 1932 முதல் 1990 வரை அந்த ஊருக்கு எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியின் பெயர் இருந்தது. மாஸ்கோவுக்குக் கிழக்கே சுமார் 400 கிலோமீட்டர். விரைவு ரயிலில் நான்கு மணி நேரம். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் மனைவியும் அங்கே மூன்று நாட்கள் தங்கியிருந்தோம். அங்கே பார்த்ததையும், திரும்பி வந்து படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஓக்கா நதி வோல்காவில் வந்து கலக்கும் கூடுதுறை இது. ஒரு பக்கம் உயரமான மேட்டில் பழைய ஊர்; எதிர்ப்பக்கம் தாழ்ந்த சமவெளி. 1221-இல் விளாதிமிர் நாட்டு இளவரசர் யூரி இங்கே கோட்டை கட்டினார். இன்று நாம் பார்க்கும் செங்கல் கிரெம்ளின் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. 13 கோபுரங்கள், சுமார் 2 கிலோமீட்டர் நீள மதில். மேட்டிலிருந்து நதியை நோக்கி மதில் படிப்படியாக இறங்கும் அழகைப் பார்க்க வேண்டும். கசான் கானரசின் படையெடுப்புக்கு அஞ்சிக் கட்டியது. 1552-இல் கசானே ரஷ்யாவிடம் வீழ்ந்ததும் கோட்டைக்குப் பெரிய வேலை இல்லாமல் போயிற்று.

ஊரின் பெருமை மினின் என்ற சாதாரண வியாபாரி. 1611-இல் போலந்துப் படை மாஸ்கோவில் உட்கார்ந்திருந்தபோது, ஊர் மக்களிடம் பணம் திரட்டி, இளவரசர் பொஜார்ஸ்கியைத் தளபதியாக்கி, ஒரு மக்கள் படையை அனுப்பியவர். 1612-இல் மாஸ்கோ மீட்கப்பட்டது. இருவருக்கும் சிலை வைக்க இவ்வூர்க்காரர்கள்தான் முதலில் பணம் சேர்த்தார்கள். ஆனால் 1818-இல் அந்தச் சிலை மாஸ்கோ செஞ்சதுக்கத்துக்குப் போய்விட்டது. இங்கே இருப்பது 2005-இல் வைத்த நகல்.

தாழ்ந்த கரையில் சந்தை. 1816-இல் மகாரியெவோவில் இருந்த புகழ்பெற்ற சந்தை தீயில் அழிந்ததும், அடுத்த ஆண்டே அதை இங்கே மாற்றினார்கள். ஸ்பெயின் நாட்டுப் பொறியாளர் பெட்டன்கூர் அதற்குக் கட்டடங்கள் அமைத்தார். பீட்டர்ஸ்பர்க் தலை, மாஸ்கோ இதயம், நிஷ்னி சட்டைப்பை என்று ரஷ்யர்கள் சொல்வார்களாம். பணம் புழங்கிய ஊர்!

சக்காலோவ் படிக்கட்டை விட்டுவிடக் கூடாது. விமானி சக்காலோவ் 1937-இல் மாஸ்கோவிலிருந்து வட துருவம் வழியாக எங்கும் இறங்காமல் அமெரிக்கா வரை பறந்தவர். அவர் சிலையின் காலடியிலிருந்து வோல்கா வரை எட்டு என்ற எண்ணின் வடிவில் இறங்கும் படிகள், 1949-இல் கட்டி முடித்தவை. எங்கள் முழங்கால்களை உத்தேசித்து இறங்கியதோடு நிறுத்திக்கொண்டு, மேலே வர வாடகைக் கார் பிடித்தோம். 2012 முதல் வோல்காவைக் கடந்து எதிர்க்கரை ஊரான போருக்கு ரோப் காரும் ஓடுகிறது. மூன்றரை கிலோமீட்டருக்கு மேல் தூரம். நதியின் அகலம் அதில் போனால்தான் தெரியும்.

இவை எல்லாரும் பார்ப்பவை. நான் அந்த ஊருக்குப் போகக் காரணம் வேறு இரண்டு வீடுகள்.

முதலாவது, கார்க்கியின் தாத்தா காஷிரின் வீடு. 1868-இல் இவ்வூரில் பிறந்த அலெக்சி பெஷ்கோவ், தந்தை காலராவில் இறந்ததும் தாயோடு இங்கே வந்து சேர்ந்தான். தாத்தா சாயப்பட்டறைக்காரர். தாழ்ந்த கூரையுள்ள மரவீடு. சனிக்கிழமைகளில் சமையலறையில் பேரன்களுக்குப் பிரம்படி விழும் என்று கார்க்கியே எழுதியிருக்கிறார். பின்னாளில் அவர் வைத்துக்கொண்ட புனைபெயரான கார்க்கிக்கு ரஷ்ய மொழியில் 'கசப்பானவன்' என்று பொருள். அந்த வீட்டுக்குள் நின்றால் காரணம் புரியும்.

தொ.மு.சி. ரகுநாதன் மொழிபெயர்த்த 'தாய்' நாவலைப் படிக்காதவர்கள் என் தலைமுறையில் குறைவு. அந்தக் கதை நடந்த இடமும் இதே ஊர்தான். சோர்மோவோ என்ற தொழிற்சாலைப் பகுதியில் 1902 மே தின ஊர்வலத்தில் செங்கொடி ஏந்திக் கைதான பியோத்தர் சலோமோவும் அவர் தாய் அன்னாவும்தான் பாவெலுக்கும் நீலவ்னாவுக்கும் மூலம். கடைசி அத்தியாயம் நினைவிருக்கும். மகனின் நீதிமன்றப் பேச்சை அச்சடித்த துண்டறிக்கைகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போகும் தாய், ரயில் நிலையத்தில் பிடிபடுகிறாள்.

இரண்டாவது வீடு ஊரின் தென்கோடியில், ககாரின் சாலை 214-ஆம் எண் அடுக்குமாடிக் கட்டடத்தில் தரைத்தளத்தில் இருக்கிறது. ஆயுதத் தொழிற்சாலைகள் நிறைந்ததால் கார்க்கி நகரம் பல்லாண்டுகள் வெளிநாட்டாருக்கு மூடிய ஊர். அதனாலேயே, ஹைட்ரஜன் குண்டை உருவாக்கியவர்களில் ஒருவரும், 1975-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவருமான ஆந்திரேய் சகாரோவை 1980 ஜனவரியில் இங்கே கொண்டு வந்து வைத்தார்கள். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததைக் கண்டித்ததுதான் குற்றம். வாசலில் இரவும் பகலும் போலீஸ்காரர். தொலைபேசி கிடையாது. அவர் எழுதிய நினைவுக் குறிப்புகள் திருட்டுப் போயின. மறுபடி எழுதினார், மறுபடியும் போயின.

அவருடைய மனைவி யெலேனா போன்னர்தான் வெளியுலகத் தொடர்பு. 1984-இல் அவருக்கும் நாடுகடத்தல் தண்டனை விதிக்கும் வரை, கணவரின் எழுத்துகளைப் பையில் வைத்துக்கொண்டு மாஸ்கோவுக்கு ரயில் ஏறினார். ரயிலில் சோதனை போட்டுக் காகிதங்களைப் பறித்ததும் உண்டு.

இதைப் படித்தபோது நீலவ்னா என் கண்முன் வந்து நின்றாள். அதே ஊர், அதே ரயில், ஒரு பெண், ஒரு பெட்டி, தடை செய்யப்பட்ட காகிதம். அந்த நாவலைப் பள்ளிப் பாடமாக வைத்த அரசுதான் போன்னரின் பையைச் சோதித்தது.

கார்க்கியின் வாழ்விலும் இந்த முரண் உண்டு. 1917-18-இல் தம் பத்திரிகையில் போல்ஷிவிக்குகளைக் கடுமையாக விமர்சித்தவர் அவர். 1918-இல் அந்தப் பத்திரிகையை மூடினார்கள். அதே மனிதர் 1929-இல் சொலோவ்கி சிறை முகாமைப் பார்த்துவிட்டுப் பாராட்டி எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து ஊருக்கு அவர் பெயர் வந்தது. 'தாய்' நூலை நான் இன்னும் பரணில் போடவில்லை. சோர்மோவோ தாய்க்குக் கொடுத்த மரியாதையை ககாரின் சாலை மனைவிக்கும் கொடுக்க அந்த நூலே எனக்குக் கற்றுத்தந்தது என்றுதான் நினைக்கிறேன்.

1986 டிசம்பர் 15 இரவு திடீரென்று ஆட்கள் வந்து சகாரோவ் வீட்டில் தொலைபேசி பொருத்தினார்கள். மறுநாள் அதில் பேசியவர் கோர்பச்சேவ். மாஸ்கோ திரும்பலாம் என்றார். நன்றி சொன்ன சகாரோவ் அந்த மூச்சிலேயே, சில நாட்களுக்கு முன் சிறையில் இறந்துபோன தம் நண்பர் மார்ச்சென்கோவைப் பற்றிப் பேசி, மற்ற மனசாட்சிக் கைதிகளையும் விடுவிக்கச் சொன்னார். அந்த வீடு 1991 முதல் அருங்காட்சியகம்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. சுற்றுலாக் குழுக்கள் பெரும்பாலும் கிரெம்ளினையும் படிக்கட்டையும் காட்டிவிட்டுக் கிளம்பிவிடும். ஒரு நாளைத் தனியே ஒதுக்குங்கள். காலையில் காஷிரின் வீடு, மாலையில் ககாரின் சாலை. அந்த வரிசையில் பார்ப்பது நல்லது.