வாசலில் நின்றே வீட்டை அளந்த வரி

போன வாரம் என் போன்ல இருக்கிற லைடார் ஸ்கேனரை வச்சு, வாசல்ல நின்னு எங்க வீட்டையே ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன். சுவர், ஜன்னல், பால்கனி எல்லாம் புள்ளி புள்ளியா வந்தது. திறந்திருந்த ஜன்னல் வழியா ஹால் சுவரும் கொஞ்சம் பதிவாகியிருந்தது. கொஞ்சம் திக்குனு இருந்தது.

உயரத்துல சின்ன ஜன்னலா? பாத்ரூமா இருக்கலாம். ரெண்டு மாடிக்கு நடுவுல ஜன்னலா? மாடிப்படி. இப்படி வெளிப்புற லேசர் ஸ்கேனை வச்சே உள்ளே இருக்கிற அறைகளைக் கணிக்க இன்னைக்கு ஆராய்ச்சி நடக்குது. ஆனா இந்த ஆசை ரொம்பப் பழசு.

1662-ல் இங்கிலாந்தில், இரண்டாம் சார்லஸ் ஆட்சியில், கணப்படுப்பு வரி வந்தது. ஒரு அடுப்புக்கு வருஷத்துக்கு 2 ஷில்லிங். அடுப்பு இருக்கிறது வீட்டுக்குள்ள. அதனால அதிகாரிகள் அறை அறையா நுழைஞ்சு எண்ணினார்கள். ஜனங்களுக்குக் கடுங்கோபம். 1689-ல் அந்த வரி ரத்தானது. முன்பின் தெரியாதவர்கள் வீட்டுக்குள்ள நுழைஞ்சு சோதிக்கிறதும் அதுக்குச் சொல்லப்பட்ட ஒரு காரணம்.

அரசுக்குப் பணம் வேணுமே? 1696-ல் ஜன்னல் வரி வந்தது. தெருவில் நின்னே எண்ணிடலாம். ஜன்னல் அதிகமா இருந்தா வீடு பெருசு, வீடு பெருசா இருந்தா ஆள் பணக்காரர். இதுதான் கணக்கு.

ஜனங்க என்ன பண்ணாங்க? ஜன்னலைச் செங்கல் வச்சு அடைச்சுட்டாங்க. பிரிட்டனில் பழைய வீடுகள்ல அடைச்ச ஜன்னல்களை இன்னைக்கும் பார்க்கலாம். ஆனா எல்லாமே வரிக்காக அடைச்சது இல்லை. சிலதை முகப்போட அழகுக்காக முதல்லயே அப்படிக் கட்டியிருக்காங்க. வெளியே நின்னு பார்த்தா எது எதுன்னு கண்டுபிடிக்கிறது கஷ்டம்.

உண்மையில் அடிபட்டது ஏழைகள். நகரங்கள்ல பல குடும்பங்கள் குடியிருந்த கட்டடத்தையும் ஒரே வீடாத்தான் எண்ணினார்கள். வரியைக் குறைக்க வீட்டுக்காரர் ஜன்னலை அடைச்சார். வாடகைக்கு இருந்தவங்க வெளிச்சமும் காத்தும் இல்லாம நோயில் தவிச்சாங்க. மருத்துவர்கள் எதிர்த்தார்கள். 1851-ல்தான் அந்த வரி ஒழிஞ்சது.

வெளியிலிருந்து பார்க்கிற கணக்கு, உள்ளே எத்தனை பேர் எப்படி வாழறாங்கன்னு கேட்கவே இல்லை. அது தப்பாப் போனப்போ, விலை கொடுத்தது உள்ளே இருந்தவங்க.

இன்னொரு விஷயம். அன்னைக்குத் தன் ஜன்னலை எண்ணுறாங்கன்னு வீட்டுக்காரருக்குத் தெரியும். தெருவில் போற வண்டியிலிருந்து வர்ற லேசர் கண்ணுக்கே தெரியாது. அந்த ஸ்கேன் யார்கிட்ட போகுது, எதுக்குப் பயன்படுதுன்னு கேட்கிற உரிமை நமக்கு வேணும். கதவைத் தட்டலைங்கிறதால மட்டும் அது வீட்டுக்குள்ள நுழையலைன்னு ஆயிடுமா?