கணவனைத் தவிர யாரையும் அறியாத பெண்களும் ஒரு நோயும்



போன கிழமை ஆசிரியர் அறையில் ஒரு கதை வந்தது. "ஒழுக்கமாய் வாழ்கிற பொம்பளைக்கு எச்.ஐ.வி. எப்படி வரும்?" நாங்களும் பல வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தோம். சரித்திரத்தைப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

1986இல் சென்னையில் டொக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, காவல் இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் இரத்தம் எடுத்தார். ஆறு பேருக்குக் கிருமி இருந்தது. இந்தியாவில் முதன்முதலில் கண்டது அப்போதுதான். அதோடு இது "அப்படிப்பட்ட பெண்களின்" நோய் என்று பெயராகிவிட்டது. அவர்களிடம் போன ஆண்கள் பிறகு யார் வீட்டுக்குத் திரும்பினார்கள் என்று எவரும் கேட்கவில்லை.

2000இல் வெளியான ஓர் ஆய்வு: தென்னிந்தியாவில் கிருமி தொற்றிய 134 பெண்கள். பெரும்பாலானோர் வீட்டில் இருக்கும் மனைவிமார். 88 வீதமானோர் வாழ்நாளில் ஒரேயொரு ஆணை மட்டும் அறிந்தவர்கள்.

நாமக்கல் கௌசல்யா அப்படியொருவர். 1995இல் இருபது வயதளவில் உறவுக்காரரான லொறி ஓட்டுநருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு நோய் இருந்தது அவருக்கும் வீட்டாருக்கும் முன்பே தெரியும் என்று கௌசல்யா வெளிப்படையாகச் சொன்னார். மணப்பெண்ணிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அவர் ஒளிந்துகொள்ளவில்லை, 1998இல் தன்னைப் போன்ற பெண்களுக்காகச் சென்னையில் ஒரு சங்கம் தொடங்கினார்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். இலங்கையரில் முதல் தொற்றாளர் 1987இல் கண்டறியப்பட்டார். அதற்குப் பின் இரத்தம் பார்க்கப்பட்டவர்களில் பெண்கள் நிறையப் பேர்: வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், கர்ப்பிணிகள். கர்ப்பிணிகளைப் பரிசோதித்ததால்தான் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் எங்களுக்குச் சான்றிதழ் தந்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் முதலில் தெரியவருவது மனைவிக்கு. உடனே பழியும் அவளுக்கு. "நீ எங்கே போய் வாங்கி வந்தாய்?" புருஷன் அதுவரை இரத்தமே கொடுத்திருக்க மாட்டான்.

கொள்ளுப்பிட்டியில் சம்பந்தம் பேசும்போது வீடு எழுதுவது, நகை, மாப்பிள்ளையின் சம்பளம் எல்லாம் விலாவாரியாகக் கேட்கிறோம். மாப்பிள்ளையின் இரத்தப் பரிசோதனையைக் கேட்ட பெண் வீட்டாரை நாங்கள் இன்னும் காணவில்லை. கேட்டால் சம்பந்தம் முறிந்துவிடும் என்ற பயம். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் உள்ள அரச கிளினிக்கில் அந்தப் பரிசோதனை இலவசம். பெயர் வெளியே போகாது.